பின்சீட்டுக்கு அடியில் எத்தனை லிட்டர் காற்று இருக்கிறது?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். திருமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டம். விடியற்காலையில் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குச் சரக்கு ஏற்றி வரும் வண்டி இசுசு வி-கிராஸ், பின்சீட்டும் உள்ள டபுள் கேப் பிக்கப். வரும்போதும் போகும்போதும் பாட்டு வேண்டும், அதில் அடிச்சத்தம் நெஞ்சில் தொட வேண்டும். 12 இன்ச் சப்-ஊஃபரும் (அடிச்சத்தத்துக்கென்றே உள்ள ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) அதை ஓட்ட 1000 வாட்ஸ் ஆம்ப்பும் வாங்க மனசு வைத்துவிட்டீர்கள். கடையில் காட்டிய ரெடிமேட் பாக்ஸ் எதுவும் பின்சீட்டுக்கு அடியில் நுழையவில்லை. ஊர் ஆசாரியிடம் சொல்லி ஒரு பாக்ஸ் அடித்துக்கொள்ளலாமா, எந்தப் பலகை, 12 இன்ச் உட்காருமா என்று கேட்கிறீர்கள்.

அடித்துக்கொள்ளலாம். நன்றாகவே வரும். ஆனால் நீங்கள் போகிற வரிசையை மட்டும் திருப்பிப் போடுங்கள். சப் வாங்கிவிட்டு அதற்கு இடம் தேடாதீர்கள். சீட்டுக்கு அடியில் எத்தனை லிட்டர் காற்று இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அந்த லிட்டருக்கு எந்த சப் பொருந்துமோ அதை வாங்குங்கள். நான் இருபது வருடமாக வண்டிகளுக்குப் பாக்ஸ் செய்து தருகிறேன். சத்தம் சரியில்லை என்று என்னிடம் திரும்பி வந்த வண்டிகளில் பெரும்பாலும் சப் மேல் குறை இருக்காது. பாக்ஸ் சின்னதாக இருக்கும், இல்லையென்றால் எங்கோ காற்று கசியும்.

ஏன் லிட்டர் என்கிறேன் என்றால், சைக்கிள் பம்ப்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அமுக்கிப் பாருங்கள். ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளும். பம்ப்பில் காற்று நிறைய இருக்கும்போது இளக்கமாகத் தள்ளும், கொஞ்சம் இருக்கும்போது கல்லாக நிற்கும். மூடிய பாக்ஸுக்குள் சப்பின் கோனுக்கு, அதாவது முன்னும் பின்னும் ஆடுகிற கூம்புக்கு, பின்னால் இருப்பதும் அதே காற்று ஸ்பிரிங்தான். எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் 1954-ல் இந்த யோசனையை வைத்துத்தான் ஏஆர்-1 என்ற சின்ன ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு ஆழமான அடிச்சத்தம் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டியிருந்தது. எத்தனை லிட்டருக்கு என்ன சத்தம் வரும் என்பதைக் கணக்காகப் போட வழி சொன்னவர்கள் ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்த நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் இருவரும். நல்ல சப் வாங்கினால் கூடவே வரும் தாளில் எஃப்எஸ் (கோன் தானாக ஆடும் அதிர்வெண்), க்யூடிஎஸ் (அந்த ஆட்டம் எவ்வளவு அடங்கி நிற்கும் என்பது), விஏஎஸ் (கோனின் இளக்கத்துக்குச் சமமான காற்று, லிட்டரில்) என்று மூன்று எண்கள் இருக்கும். அவை அவர்கள் போட்ட வழியில் வந்தவை.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் திருவிழாவில் மைக் செட்காரர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கும் பாக்ஸ்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் போர்ட் ஓட்டை வைத்த பெரிய பாக்ஸ்தான் உண்மையான பாக்ஸ் என்று ஒரு எண்ணம். பந்தலில் சத்தம் வெட்டவெளியில் போய்விடுகிறது, பாக்ஸ் அத்தனையையும் தானே தள்ள வேண்டும், ஆகவே அங்கே அது சரி. வண்டிக்குள் கதை வேறு. கண்ணாடி ஏற்றிய கேபினே ஒரு மூடிய பெட்டி. நம் ஊர் வெயிலில், 35 டிகிரி காற்றில், ஒலி வினாடிக்கு சுமார் 352 மீட்டர் போகும். 70 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஓர் அலை 5 மீட்டர் நீளம். கேபின் உள்ளே முன்கண்ணாடியிலிருந்து பின்சுவர் வரை இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 70-க்குக் கீழே போகப் போக உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஒரே மூச்சாக அமுங்கி விரிய ஆரம்பிக்கும். கணக்குப்படி ஒவ்வொரு ஆக்டேவுக்கும், அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபல் கூடும். மூடிய பாக்ஸின் சத்தம் ஆழத்துக்குப் போகப் போக அதே 12 டெசிபல் வீதம் குறையும். குறைவதை கேபின் ஈடுகட்டிவிடுகிறது. கதவு, கண்ணாடி எல்லாம் கொஞ்சம் இளகிக் கொடுப்பதால் முழுக்கணக்கும் கிடைக்காது, ஆனாலும் காதுக்குத் தெரிகிற அளவுக்குக் கிடைக்கும். பிக்கப் மாதிரி சின்ன கேபினுக்கு மூடிய பாக்ஸ்தான் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

போர்ட் வைத்தே தீருவேன் என்றால் இதையும் பாருங்கள். 26 லிட்டர் பாக்ஸை 35 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்ய, உள்விட்டம் ஏழரை சென்டிமீட்டர் உள்ள பைப் சுமார் 36 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். ஒரு சாண் உயரம்கூட இல்லாத இடத்தில் அதை எங்கே மடக்கி வைப்பது?

சரி, அளவெடுக்கும் வேலைக்கு வருவோம். இதில்தான் அவசரப்படக்கூடாது. பின்சீட் குஷனைத் தூக்கினால் அடியில் ஜாக்கி, வீல் ஸ்பேனர், வயர் கட்டு, சீட் பூட்டும் கொக்கி எல்லாம் தெரியும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். தரை சமமாக இருக்காது, முன்னால் பள்ளம், பின்னால் மேடு, நடுவில் ஒரு புடைப்பு. டேப் பிடித்து ஐந்தாறு அளவு எழுதிக்கொண்டுபோய் ஆசாரியிடம் கொடுத்தால் பாக்ஸ் கண்டிப்பாக எங்காவது இடிக்கும். டிவி வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, கத்தியும் செல்லோ டேப்பும் வைத்து அட்டையிலேயே முழு பாக்ஸையும் முதலில் செய்யுங்கள். உள்ளே வையுங்கள், வெளியே எடுங்கள், வெட்டுங்கள், ஒட்டுங்கள். கதவு வழியாக அது நுழைகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். தச்சுப்பட்டறையில் அருமையாக முடித்த பாக்ஸைக் கதவுக்கு வெளியே வைத்துக்கொண்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மேல் உயரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டில் சப்பாத்தி மாவு பிசைந்து, எலுமிச்சம்பழ அளவில் ஏழெட்டு உருண்டை பிடித்துக்கொள்ளுங்கள். அட்டைப் பாக்ஸ் அமுங்காமல் இருக்க உள்ளே நாலைந்து மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து வையுங்கள். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, மூலைக்கு ஒன்று, நடுவில் மூன்று என்று உருண்டைகளை வையுங்கள். சீட்டை இறக்கிப் பூட்டி, நல்ல கனமான ஆளாக இரண்டு பேரை ஏற்றி உட்காரவைத்து, ஒரு குதி குதிக்கச் சொல்லுங்கள். இறங்கியதும் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். சில இடத்தில் மாவு வடை மாதிரி தடித்து இருக்கும், சில இடத்தில் அப்பளமாகிவிட்டிருக்கும். அந்தத் தடிமன்தான் ஆள் உட்கார்ந்தபின் அங்கே மிச்சமிருக்கும் உண்மையான இடைவெளி. குறைந்தது 1 சென்டிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். சீட்டின் அடிக்கம்பி பாக்ஸைத் தொட்டால் ஒவ்வொரு அடிக்கும் கடகட என்று கூடவே பாடும், அதை எந்தப் பஞ்சை வைத்தும் நிறுத்த முடியாது.

இப்படிச் செய்து முடித்ததும் அட்டைப் பாக்ஸ் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: நீளம் 90, முன்பின் ஆழம் 34, முன்பக்க உயரம் 18, பின்பக்கம் 12 சென்டிமீட்டர். இது கணக்கு காட்டுவதற்காக நான் எடுத்த அளவு, உங்கள் வண்டிக்கு உங்கள் அட்டை சொல்வதுதான் சரி. 18 மில்லிமீட்டர் பலகை இரு பக்கமும் போனால் உள்நீளம் 86.4, ஆழம் 30.4, சராசரி உயரம் 11.4. மூன்றையும் பெருக்கினால் 29,940 கன சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 30 லிட்டர். சப்பின் மேக்னட்டும் அதைத் தாங்கும் உலோகக் கூடையும் 2 லிட்டர் இடத்தைத் தின்னும், உள்ளே கொடுக்கும் முட்டுக்கட்டைகள் இன்னொரு 2 லிட்டர். மிச்சம் 26. கம்பெனித் தாளில் கன அடியில் போட்டிருந்தால் ஒரு கன அடி 28.3 லிட்டர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். தரையின் வளைவுக்கு ஏற்ப பாக்ஸ் கோணல்மாணலாக வந்தால் பெருக்கிக்கொண்டு இருக்க வேண்டாம். மூடுவதற்கு முன் உள்ளே பிளாஸ்டிக் தாளை விரித்து, ஒரு லிட்டர் மக்கால் நெல் அளந்து கொட்டி எண்ணிவிடலாம்.

இந்த 26 லிட்டரை வைத்து சப் தேர்வு செய்யுங்கள். எடுத்துக்காட்டாக, தாளில் எஃப்எஸ் 32 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.5, விஏஎஸ் 26 லிட்டர் என்று இருக்கும் ஒரு சப். விஏஎஸ்ஸை பாக்ஸ் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 26-ஐ 26-ஆல் வகுத்தால் 1, கூட 1 சேர்த்தால் 2, வர்க்கமூலம் 1.414. இதை க்யூடிஎஸ்ஸோடு பெருக்கினால் 0.707. ஏற்ற இறக்கமில்லாமல் சமமாக இறங்கும் சத்தத்துக்கு இதுதான் பேர்போன எண். எஃப்எஸ்ஸோடு பெருக்கினால் 45 ஹெர்ட்ஸ், அதுவரை சத்தம் நின்று வரும். இதே சப்பைக் கடைக்காரர் 13 லிட்டர் பாக்ஸில் வைத்துக் கொடுத்தால்? வர்க்கமூலம் 1.732 ஆகும். முதல் எண் 0.87-க்குப் போய்விடும், 45 என்பது 55 ஆகிவிடும். காதுக்கு அது எப்படித் தெரியும் என்றால், எல்லாப் பாட்டிலும் ஒரே ஒரு அடி மட்டும் பம் பம் என்று தூக்கிக்கொண்டு நிற்கும், உறுமியின் தேய்ப்பும் தவிலின் தொப்பியும் ஒரே மாதிரி கேட்கும். ஆழம் காணாமல் போயிருக்கும்.

அதனால் 12 இன்ச் ஆசையை விட்டுவிடச் சொல்கிறேன். பாக்ஸின் உள் ஆழம் 30.4 சென்டிமீட்டர்தான். 12 இன்ச் சப்புக்கு ஓட்டை மட்டுமே 28 சென்டிமீட்டர் வெட்ட வேண்டும். இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் பலகை மிச்சம். அது எப்படித் தாங்கும்? அதோடு 12 இன்ச்சுக்கு லிட்டரும் பத்தாது. மேக்னட் தட்டையான ஷாலோ வகை 10 இன்ச் சப் ஒன்று, இல்லையென்றால் 8 இன்ச் இரண்டு. 10 இன்ச்சே என் தேர்வு. இந்த வகையில் பொருத்தும் ஆழம் எட்டு, ஒன்பது சென்டிமீட்டருக்குள் வரும். மேக்னட்டின் பின்பக்கம் மூச்சு ஓட்டை இருந்தால் அதற்கும் எதிர்ப்பலகைக்கும் நடுவே 2 சென்டிமீட்டர் விடுங்கள்.

சப் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது அடுத்தது. மேலே பார்த்தால் சீட் குஷன் அடைக்கும். முன்னால் பார்க்க உயரம் போதாது. ஆகவே தரையைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். பாக்ஸின் அடியில் நான்கைந்து கால் கொடுத்து, சப்பின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே நாலரை சென்டிமீட்டர் விடுங்கள். கால் உயரத்தையும் சேர்த்துத்தான் அட்டை அளவு எடுத்திருக்க வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். தரைவிரிப்பு பூப்பூவாக எழுந்து கோனைத் தொடாமல் அந்த இடத்தில் ஒட்டிவிடுங்கள். கவிழ்த்து வைத்தால் கோன் தன் எடையில் தொங்கிப்போகாதா என்று பலர் கேட்பார்கள். கணக்கு சுலபம்: 30 ஹெர்ட்ஸ் எஃப்எஸ் உள்ள சப்பில் கோன் இறங்குவது கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஒரு பக்கம் 10 மில்லிமீட்டர் ஓடுகிற கோனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எஃப்எஸ் 20 ஹெர்ட்ஸுக்குப் பக்கம் உள்ள இளகிய சப் என்றால் மட்டும் யோசிக்க வேண்டும்.

பலகையில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வீட்டு ஸ்பீக்கருக்கு எம்டிஎஃப் அருமையான சரக்கு, எல்லா இடமும் ஒரே அடர்த்தி, வெட்டினால் வெண்ணெய். ஆனால் உங்கள் வண்டி தோட்டத்துக்குப் போகிற வண்டி. சேற்றுக்கால், நனைந்த சாக்கு, ஐப்பசி மழை எல்லாம் பின்சீட் தரையில்தான் வந்து சேரும். ஆரம்ப காலத்தில் நான் எம்டிஎஃப்பில் செய்து கொடுத்த ஒரு பாக்ஸ் ஒரே மழைக்காலத்தில் அடிப்பலகை ரொட்டி மாதிரி ஊறி உப்பி, ஸ்க்ரூ பிடிமானம் இல்லாமல் சப் தொங்கிக்கொண்டு வந்தது. அந்த வண்டிக்காரரின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு வண்டிக்குள் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் தவிர வேறு எதையும் நான் தொடுவதில்லை. எட்டுக்கு நான்கு ஷீட் முழுசாகத் தேவைப்படாது, இந்த அளவுக்குப் பாதி போதும். கீழவாசல், தெற்குவாசல் பக்கம் பலகைக் கடைகளில் துண்டாகக் கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது ஓரத்தைப் பார்க்க வேண்டும், அடுக்குகளுக்கு நடுவே பொந்து தெரிந்தால் வேண்டாம். அந்தப் பொந்து வழியாகவே காற்று போகும்.

தேக்குப் பலகை வீட்டில் இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். தேக்கு அருமையான மரம், அதைக் கதவுக்கு வையுங்கள். முழுமரம் வெயிலுக்கும் மழைக்கும் சுருங்கி விரியும், இணைப்பில் மயிரிழை விட்டாலும் பாக்ஸ் போயிற்று.

ஆசாரியிடம் நீங்கள் பேச வேண்டிய விதம் ஒன்று உண்டு. அவர் கை வேலையில் குறை இருக்காது, ஆனால் அவர் செய்து பழகியது அலமாரி. அலமாரிக்குக் காற்று புகுந்தால் நல்லது, இதற்குப் புகவே கூடாது. இது தண்ணீர்த் தொட்டி மாதிரி, சொட்டு கசியக்கூடாது என்று சொல்லிவிட்டால் உடனே பிடித்துக்கொள்வார். ஆணி வேண்டவே வேண்டாம். பலகையின் ஓரம் முழுக்க மரைன் ஃபெவிகால் தடவி, முன்கூட்டியே ஓட்டை போட்டு, 10 சென்டிமீட்டருக்கு ஒரு ஸ்க்ரூ. இறுக்கும்போது பசை மணிமணியாக வெளியே பிதுங்க வேண்டும், பிதுங்காத இடத்தில் பசை பத்தவில்லை என்று அர்த்தம். சப் உட்காரும் பலகை ஓட்டையால் பலம் இழந்திருக்கும், அதற்கும் எதிர்ப்பலகைக்கும் நடுவே சப்பின் இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை கொடுக்கச் சொல்லுங்கள். பலகையை முட்டியால் தட்டினால் டொக் என்று கேட்க வேண்டும். டம் என்று கேட்டால் அங்கே இன்னொரு கட்டை. 90 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கட்டை இல்லாமல் விட்டால் மேல்பலகையே ஒரு மத்தளமாகிவிடும்.

எல்லாம் காய்ந்தபின் உள்மூலைகள் முழுக்க சிலிகான் விட்டு விரலால் தேய்த்துவிடுங்கள். புளிப்பு வாடை அடிக்கிற சிலிகான் என்றால் ஒரு முழுநாள் திறந்து வைத்து, வாடை போனபின்தான் சப்பை வைக்க வேண்டும், அந்த ஆவி உள்ளே இருக்கும் உலோகத்துக்கு ஆகாது. சப்பின் விளிம்புக்கு அடியில் ஃபோம் டேப், வயர் வெளியே வரும் இடத்திலும் அடைப்பு. கடையில் விற்கும் பிளாஸ்டிக் டெர்மினல் கிண்ணம் பெரும்பாலும் கசியும். நான் வயரை நேரடியாக ஒரு சின்ன ஓட்டை வழியாக எடுத்து எம்-சீல் போட்டு அடைத்துவிடுகிறேன்.

கசிவு பார்க்க ஊதுபத்தி போதும். விசிறியை நிறுத்திவிட்டு, வண்டிக்கு வெளியேயே பாக்ஸை நிமிர்த்தி வைத்து, 25 ஹெர்ட்ஸ் டோனை (ஒரே சீரான ஒற்றைச் சத்தம்) மெல்லிய அளவில் ஓடவிடுங்கள். பற்றவைத்த ஊதுபத்தியை மூலை, இணைப்பு, வயர் ஓட்டை என்று வரிசையாக ஒவ்வொரு இன்ச்சாக நகர்த்துங்கள். நேராக நூல் போல எழும் புகை ஓரிடத்தில் மட்டும் படபடவென்று சிதறும். பென்சிலால் அங்கே ஒரு வட்டம் போடுங்கள். கோனுக்கு நேராகப் பிடிக்காதீர்கள், பிடித்தால் கோன் கிளப்பும் காற்றே புகையைக் கலைத்துவிடும். கசிவெல்லாம் அடைத்தபின் டோனை நிறுத்தி, கோனை இரு கை விரல்களாலும் சீராக அமுக்கி விடுங்கள். டப்பென்று திரும்பாமல் மெதுவாக எழுந்து வந்தால் பாக்ஸ் தயார்.

உள்ளே பஞ்சு வைப்பது நல்லது. தலையணைக்குப் போடுகிற பாலியஸ்டர் பஞ்சு, ரெக்ரான் என்று கேட்டால் கொடுப்பார்கள். தளர்வாகப் பிய்த்து வைத்தால் பாக்ஸ் பத்து, பதினைந்து சதவீதம் பெரிதானது போல நடந்துகொள்ளும், ஏனென்றால் அமுங்கும்போது சூடாகும் காற்றின் சூட்டைப் பஞ்சு வாங்கிக்கொள்கிறது. மேக்னட்டின் மூச்சு ஓட்டையை மட்டும் மூடக்கூடாது. போடி இலவம்பஞ்சு வீட்டில் இருக்கிறது என்று அதைத் திணிக்காதீர்கள். அது தூளாகி காயிலுக்குள் போகும், ஈரம் வாங்கினால் கட்டியாகிவிடும்.

வண்டியில் பொருத்துவதில் உங்கள் விருப்பத்துக்கு விடமுடியாத சில உண்டு. பாக்ஸும் சப்பும் சேர்ந்து 15 கிலோவுக்கு மேல் வரும். வண்டி எங்காவது மோதினால் அந்தக் கனம் முன்சீட்டில் இருப்பவர் முதுகுக்குத்தான் போகும். சும்மா சொருகி வைக்கக்கூடாது, போல்ட் போட வேண்டும். ஆனால் தரையில் புதிதாகத் துளை போடாதீர்கள். கேபினுக்குக் கீழே சேசிஸ் ஓரமாக பிரேக் பைப், டீசல் பைப், வயரிங் எல்லாம் ஓடுகிறது, டிரில் பிட் அரை இன்ச் கூடுதலாகப் போனால் கதை கந்தல். ஜாக்கி பூட்டியிருந்த போல்ட் ஓட்டைகளையே பயன்படுத்துங்கள், கழற்றிய ஜாக்கிக்கு வேறு நிலையான இடம் பாருங்கள். சீட் கொக்கி முழுசாகப் பூட்டுகிறதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் பார்க்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்றவும் கூடாது, அதில் கிரவுண்ட் வயர் மாட்டவும் கூடாது. குழந்தை சீட் மாட்டும் கொக்கிகள் மறையக்கூடாது. பின்சுவரில் காற்று வெளியேறும் பட்டை இருந்தால் அதையும் அடைக்காதீர்கள், கதவு சாத்தும்போது காதில் அடிக்கும்.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டப்பாவில் எழுதியிருக்கும் 1000 வாட்ஸைப் பார்க்காதீர்கள், ஆர்எம்எஸ், அதாவது விடாமல் தொடர்ந்து தரும் வாட்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள். 300 வாட்ஸ் ஆர்எம்எஸ் இந்த சப்புக்குத் தாராளம். அதை 600 ஆக்கினாலும் கிடைப்பது 3 டெசிபல்தான், நல்ல பாக்ஸ் அதைவிட அதிகம் தரும். 300 வாட்ஸ் கிளாஸ் டி ஆம்ப் முழு மூச்சில் 27 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 8 கேஜ் அசல் செம்பு வயர், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ். வயர் வாங்கும்போது நுனியைப் பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதுதான் கிடைக்கிறது என்றால் 4 கேஜுக்குப் போங்கள், கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும். பிக்கப்பில் கேபின் ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கும், அதையும் சேசிஸையும் இணைப்பது ஒரு பட்டை வயர். அது துருப்பிடித்திருந்தால் ஆல்டர்னேட்டர் விசில் சத்தம் பாட்டில் வரும், முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். பவர் வயர் ஒரு பக்கக் கதவோரம் போனால், ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயர் மறுபக்கம் போகட்டும். ஆம்ப்பை பாக்ஸுக்கு மேலே வைக்காமல் பக்கத்தில் காற்றுப் போகிற இடத்தில் வையுங்கள், சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அதற்கும் மூச்சு வேண்டும்.

ஆம்ப்பில் இருக்கும் கெயின் திருகியை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்பித்தான் பலர் சப்பைக் கருக்குகிறார்கள். சப் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து 50 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஆம்ப் வாயில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். 4 ஓம் சப்புக்கு 300 வாட்ஸ் என்றால் 34.6 வோல்ட், 2 ஓம் என்றால் 24.5. அந்த எண் வந்ததும் நிறுத்துங்கள். அந்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் அப்புறம் யார் கை பட்டாலும் திரும்ப வைத்துவிடலாம்.

கடைசி டியூனிங்கை வீட்டு வாசலில் செய்யாதீர்கள். நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின் 2000 ஆர்பிஎம்மில் ஓடும்போது வெடிக்கும் எண்ணிக்கை வினாடிக்கு 67. அதாவது நீங்கள் கேட்க விரும்பும் அடிச்சத்தத்தின் நடுவிலேயே என்ஜினும் டயரும் பாடிக்கொண்டிருக்கும். நிறுத்திய வண்டியில் போதும் போதும் என்று தெரிகிற சப் நான்குவழிச் சாலையில் ஏறினதும் காணாமல் போகும். உங்களுக்குத் தோதான இடம் திருமங்கலத்திலிருந்து கப்பலூர் தாண்டி வருகிற அதே சாலைதான். நீங்கள் வண்டியை ஓட்டுங்கள், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மாற்றட்டும். ஆம்ப்பின் லோ பாஸை (அந்த ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள சத்தத்தை மட்டும் சப்புக்கு விடும் திருகி) 80-ல் ஆரம்பித்து, நன்றாகத் தெரிந்த ஒரு நையாண்டி மேளப் பதிவைப் போடுங்கள். தவிலின் தொப்பி அடி பின்சீட்டிலிருந்து வருவதாகத் தெரிந்தால் 70-க்கு இறக்குங்கள், முன்னால் ஸ்பீக்கரிலிருந்தே வருவதாகத் தோன்றினால் சரி. கோன் ஆடும் திசையைத் திருப்பும் ஃபேஸ் சுவிட்சை 0-விலும் 180-லும் மாற்றிப் பாருங்கள், எதில் அடி கனமாக விழுகிறதோ அதில் விட்டுவிடுங்கள்.

முதலில் அட்டைப் பாக்ஸைச் செய்து, ஆறு பக்க அளவையும் மாவு உருண்டை எங்கே எவ்வளவு தடித்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். அதுவரை சப்புக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். லிட்டர் கணக்கு போட்டு, எந்த எண்கள் உள்ள 10 இன்ச் பொருந்தும் என்று நான் சொல்கிறேன்.